ஜிலேபி கார்டும் ஊருணியில் நான் விட்ட மீன்களும்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நான் மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருப்பேன் என்று கேலி செய்வீர்களே, அந்தப் பழக்கம் ஓய்வு பெற்றும் போகவில்லை. ஆற அமரப் படியுங்கள்.

போன வாரம் பேரன் தொலைபேசியில் கூப்பிட்டான். அவர்கள் வீடு மாற்றுகிறார்கள். வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியில் ஒரு கறுப்பு மீன் இருக்கிறது. பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று கடையில் சொல்லிக் கொடுத்தார்களாம். வாங்கும்போது சுண்டுவிரல் நீளம் இருந்தது இப்போது ஒரு அடி. "புது வீட்ல தொட்டி வைக்க இடம் இல்ல தாத்தா. கொல்லப் பாவமா இருக்கு. ஊருக்கு வரும்போது நம்ம கண்மாயில விட்டுடலாமா?" என்றான்.

"விடாதே. நான் வர்றவரைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்றேன். "ஏன் தாத்தா?" என்றான். போனில் சொல்லி முடிக்கிற காரணமில்லை அது. ஏணி போட்டுப் பரணில் ஏறினேன். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு உங்கள் டீச்சரம்மா, "இந்த வயசுல அங்க என்ன புதையலா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். புதையல்தான். ஒரு செருப்புப் பெட்டி நிறைய, நம் பள்ளிப் பிள்ளைகள் 2011-ல் வரைந்த மீன் கார்டுகள்.

அந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

கனடாவில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது ஒரு சீட்டு விளையாட்டைப் பற்றிச் சொன்னார். பெயர் 'ஃபைலோ'. வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேவிட் இங் என்ற அறிவியல் ஆசிரியர் 2010-ல் தொடங்கியது. ஒவ்வொரு கார்டும் ஓர் உயிரினம். அது எங்கே வாழும், எதைத் தின்னும், எந்தத் தட்பவெப்பம் தாங்கும் என்று கார்டிலேயே இருக்கும். இரை கார்டு பக்கத்தில் இல்லாமல் அதைத் தின்னும் கார்டை வைக்க முடியாது. முதலில் செடி, பிறகு செடி தின்னி, அதன் பிறகுதான் ஊன் தின்னி. யார் வேண்டுமானாலும் தங்கள் ஊர் உயிரினங்களை வைத்து கார்டு செய்துகொள்ளலாம்.

அந்த விளையாட்டு பிறந்ததற்கு ஒரு முன்கதை உண்டு. 2002-ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆண்ட்ரூ பாம்ஃபோர்டும் அவர் குழுவினரும் 'சயின்ஸ்' இதழில் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். பிரிட்டிஷ் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் உள்ளூர்ச் செடி, பூச்சி, பறவை, விலங்குகளின் படங்களையும், 'போக்கிமான்' என்ற கற்பனை விலங்குகளின் படங்களையும் காட்டிப் பெயர் கேட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் போக்கிமானில் 100-க்கு 78-ஐச் சரியாகச் சொன்னார்கள். உண்மையான உயிரினங்களில் 53-தான். அதற்கு மேல் வயது ஏற ஏற அதுவும் கொஞ்சம் குறைந்தது. பிள்ளைகளுக்கு நினைவாற்றல் குறைவில்லை, நாம் கொடுப்பதைத்தான் அவர்கள் நினைவில் வைக்கிறார்கள் என்பது அதன் சாரம்.

நானும் நம் வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். பெட்டிக்கடையில் விற்ற மல்யுத்த வீரர் ட்ரம்ப் கார்டில் எந்த வீரனுக்கு என்ன உயரம், என்ன எடை என்று நம் பையன்கள் தூக்கத்திலும் சொல்வார்கள். "நம்ம கண்மாயில் இருக்கிற மீன் பேர் சொல்லுங்கடா" என்றேன். ஜிலேபி, கட்லா, ரோகு, கெளுத்தி, விரால், அயிரை. அத்தோடு நின்றுவிட்டார்கள்.

"இன்னைக்கு வீட்டுப்பாடம் இதுதான். அப்பத்தாகிட்ட, தாத்தாகிட்டக் கேட்டு எழுதிட்டு வாங்க" என்றேன். மறுநாள் கரும்பலகை நிறைந்துபோனது. குரவை, ஆரல், உளுவை, விலாங்கு, தேளி, பனையேறிக் கெண்டை, இன்னும் கெண்டையிலேயே விதவிதமாக. தாத்தா சொன்ன பெயர் உண்டு, பிள்ளை அந்த மீனைப் பார்த்ததில்லை. இப்படிப் பல.

வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டு அளவுக்கு வெட்டி, எழுத்தில்லாத பக்கத்தில் படம் வரைந்தோம். விரால் கார்டில் 'காற்றையும் சுவாசிக்கும், குஞ்சுகளைக் காவல் காக்கும்' என்று எழுதினோம். கெளுத்தி கார்டில் முள்ளுக்கு இரண்டு மதிப்பெண். அயிரைக்கு மணலில் ஒளியும் வரம். கோடை கார்டு ஒன்று, மடை திறப்பு கார்டு ஒன்று, நாரை கார்டு ஒன்று, கண்மாய் அழிப்பு கார்டு ஒன்று. அந்தக் கடைசி கார்டு விழுந்தால் எல்லோரும் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள், மேசையில் பாதி மீன் காலி.

ஆட்டம் நன்றாகத்தான் போனது, ஜிலேபி கார்டு வரும்வரை.

அதன் குணங்களைப் பாடப்புத்தகம்போல் நேர்மையாக எழுதியிருந்தோம். பாசியும் தின்னும், புழுவும் தின்னும், மற்ற மீனின் முட்டையும் குஞ்சும் தின்னும். நன்னீரிலும் வாழும், உப்புத் தண்ணீரிலும் வாழும். ஆண் மீன் தரையில் குழி பறித்துக் கூடு அமைக்கும். பெண் மீன் நூற்றுக்கணக்கான முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்துப் பொரிக்கும், ஆபத்து வந்தால் குஞ்சுகளை மறுபடி வாய்க்குள் சேர்த்துக்கொள்ளும். இரண்டு மூன்று மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயார். இத்தனையையும் விதியாக மாற்றினால் என்ன ஆகும்? ஐந்தாவது சுற்றில் மேசை முழுக்க ஜிலேபி. கையில் ஜிலேபி வந்தவன் ஜெயித்தான், வராதவன் தோற்றான்.

"சார், ஜிலேபிய எடுத்துருங்க சார். வெளாட்டே நல்லால்ல" என்றான் ஒருவன். கடைசி பெஞ்சில் ஒரு பெண் பிள்ளை எழுந்து கேட்டாள்: "நெஜக் கண்மாயில இருந்து எப்படி சார் எடுக்கிறது? அத மொதல்ல யாரு சார் போட்டா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பல வருடம் அறிவியல் நடத்தியவன். ஜிலேபி நம் ஊர் மீன் இல்லை என்பது தெரியும், எப்போது, எதற்காக வந்தது என்பது தெரியாது. அந்தக் கேள்விக்காகப் படிக்க ஆரம்பித்ததைத்தான் இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஜிலேபிக் கெண்டையின் தாய்வீடு ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதி. மொசாம்பிக் திலேப்பியா என்பது அதன் ஊர்ப்பெயர். அது ஆசியாவில் முதலில் தென்பட்டது இந்தோனேசியாவின் ஜாவா தீவில். 1930-களின் பிற்பகுதியில், கிழக்கு ஜாவாவின் தென்கரையில் ஒரு கழிமுகத்தில், குஞ்சுகளை வாயில் காக்கும் இந்தப் புதுமையான மீனை முஜாயிர் என்பவர் கண்டார். பிடித்து வந்து மெல்ல மெல்ல நன்னீருக்குப் பழக்கி வளர்த்தார். இந்தோனேசியாவில் இன்றும் அந்த மீனுக்கு அவர் பெயர்தான். ஆப்பிரிக்காவிலிருந்து ஜாவாவுக்கு அதைக் கொண்டுவந்தவர் யார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942-ல் ஜாவா ஜப்பானியர் கைக்குப் போனது. கடலோரக் குளங்களில் வளர்க்கும் பால்மீனுக்குக் குஞ்சு கிடைக்காமல் போனது. அந்தத் தட்டுப்பாட்டில் கைகொடுத்தது இந்த மீன். குஞ்சு தேடிக் கடலுக்குப் போக வேண்டாம், குளத்திலேயே பெருகும், எதையும் தின்னும். போர் முடிவதற்குள் தீவு முழுக்கப் பரவியிருந்தது. போர் முடிந்ததும் பல நாடுகள் கேட்டு வாங்கின.

இந்தியாவுக்கு அது 1952-ல் வந்தது, பாங்காக்கிலிருந்தும் இலங்கையிலிருந்தும். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1943-ன் வங்கப் பஞ்சம் கண்ணுக்கு முன் நின்ற காலம். முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஏழைக்கு மலிவாகப் புரதம் வேண்டும். செலவில்லாமல் வளரும் ஒரு மீன் கிடைத்தால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அன்றைக்கு அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஆனால் சில வருடங்களிலேயே சிக்கல் தெரிந்தது. குளத்தில் கூட்டம் பெருகப் பெருக மீன் வளரவில்லை. கை நீளம் வர வேண்டியது விரல் நீளத்திலேயே சினைக்கு வந்தது. கூட வளர்த்த கெண்டைகளுக்கும் தீனி இல்லை. 1959-ல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இதை மேலும் பரப்பக் கூடாது என்று தடை விதித்தது. வந்து ஏழே வருடம். அதே 1959-ல்தான் நம் வைகை அணையும் திறக்கப்பட்டது. தடை காகிதத்தில் இருந்தது, மீன் தண்ணீரில் இருந்தது. வைகை அணை, அமராவதி அணை என்று அது ஏறிய நீர்நிலைகளில் பிறகு வலையை நிறைத்தது ஜிலேபிதான்.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் நம் பக்கத்து மீன் என்றுதான் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். அவை கங்கைச் சமவெளி மீன்கள். முன்பெல்லாம் ஆற்று வெள்ளத்தில்தான் அவற்றின் குஞ்சுகளைச் சேகரிக்க முடியும், குளத்தில் முட்டையிடாது. 1957 ஜூலை 10-ஆம் நாள் ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிகுஞ்ஞியும் மீனின் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டு, வளர்ப்பில் இருந்த கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அதன் பிறகுதான் நம் கண்மாய் வரைக்கும் குஞ்சுகள் வந்து சேர்ந்தன.

இதையெல்லாம் படித்துவிட்டு வேகத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். ஜிலேபி கார்டின் மேல் சிவப்பு மையால் 'கொள்ளைக்காரன்' என்று எழுதிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, கேள்வி கேட்ட அந்தப் பெண் பிள்ளையின் அப்பா பள்ளிக்கு வந்தார். கண்மாய்க் குத்தகையில் கூலிக்கு வலை இழுப்பவர். பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், பிள்ளை வந்து சொல்லுச்சு. ஜிலேபி கொள்ளைக்காரன்னு எழுதிருக்கீகளாம். எங்க ஊட்ல மூத்தவ நர்சிங் படிக்கிறா. அவளுக்குப் பீஸ் கட்டுறது அந்தக் கொள்ளைக்காரன் காசுலதான் சார். விராலப் பிடிச்சா குத்தகைக்காரருக்கு, அயிரையப் பிடிச்சா மதுரை ஓட்டலுக்கு. எங்க சட்டிக்கு வர்றது ஜிலேபி ஒண்ணுதான்."

என்னிடம் பதில் இல்லை. "மன்னிச்சுக்கங்க" என்றேன். "அய்யோ, அதுக்காகச் சொல்லல சார்" என்று சங்கடப்பட்டுப் போய்விட்டார். 1952-ல் எதற்காக அந்த மீனைக் கொண்டுவந்தார்களோ, அந்த வேலையை அது அவர் வீட்டில் செய்துகொண்டுதான் இருந்தது. அதே சமயம் அவர் அப்பா பிடித்த பத்து வகை மீன் இவர் வலையில் விழவில்லை என்பதும் உண்மை. இரண்டும் ஒரே கார்டில் இருக்க வேண்டும்.

மறுநாள் சிவப்பு எழுத்தை அழித்தோம். நல்லது, கெட்டது என்ற கட்டமே இனி எந்த கார்டிலும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதற்குப் பதில் மூன்று கட்டங்கள் சேர்த்தோம்: எப்போது வந்தது, யார் கொண்டுவந்தது, எதற்காக. ஜிலேபி கார்டு வைத்தால் பக்கத்தில் விரால் கார்டு வைத்துக் குஞ்சுகளைக் குறைக்கலாம் என்று ஒரு விதியும் வந்தது. மீன் வளர்ப்பவர்கள் உண்மையிலேயே செய்யும் வேலை அது. ஆட்டம் மறுபடி உயிர் பெற்றது.

பிள்ளைகள் ஒவ்வொரு கார்டாக அந்தக் கட்டங்களை நிரப்பிக்கொண்டு வந்தார்கள். கம்பூசியா கார்டு வந்தது. சின்னச் சாம்பல் நிற மீன். வட அமெரிக்காவைச் சேர்ந்தது, முட்டையிடாமல் குட்டி போடும். 1897-ல் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்த பிறகு, கொசுப்புழுவைத் தின்னும் மீன் எது என்று உலகமே தேடியது. அந்தத் தேடலில் இது ஊர் ஊராகப் பயணித்தது. 1928-ல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வந்தது.

"நம்ம ஊருக்கு யாரு சார் கொண்டாந்தா?" என்று கேட்டார்கள்.

நான்தான். 1986. வேலையில் சேர்ந்த புதிது. மலேரியாவை ஒழிக்கப்போகிறோம் என்று அறிவியல் மன்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு பிளாஸ்டிக் குடத்தில் கம்பூசியா கொண்டுவந்து ஊருணியில் விட்டேன். ஊர்ப் பெரியவர்கள் மாலை போட்டார்கள். அந்த ஊருணியில் ஏற்கெனவே நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்த சின்ன மீன் ஒன்று தண்ணீர் மேலாக்க நீந்தும். அதுவும் கொசுப்புழு தின்னும் மீன்தான் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை. கம்பூசியா கொசுப்புழுவோடு நிற்காது. மற்ற மீனின் முட்டை, குஞ்சு, தவளைக் குஞ்சு எல்லாம் தின்னும், பெரிய மீனின் துடுப்பையும் கடிக்கும். சில வருடங்களில் வெள்ளிப் பொட்டு மீனைக் காணவில்லை. ஊருணிக் கரையில் சிமெண்ட் பூசியதும் காரணமாக இருக்கலாம், முழுப் பழியையும் இந்த மீன் மேல் போட மாட்டேன். ஆனால் என் பங்கு என் பங்குதான்.

அந்த கார்டில் 'யார் கொண்டுவந்தது' என்ற கட்டத்தில் என் பெயரை நானே எழுதினேன். வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. பிறகு ஒருவன் மெல்ல, "எதற்காக என்ற கட்டத்துல 'நல்ல எண்ணம்'னு போடவா சார்?" என்றான். போடச் சொன்னேன்.

இந்தக் கதை ஒருவழிப் பாதை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆசியாவின் நடக்கும் கெளுத்தி, நம் கெளுத்திகளுக்குப் பங்காளி, 1960-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு வளர்ப்பு மீனாகப் போய், தப்பித்து, மழை நாளில் சாலையில் ஊர்ந்து அடுத்த குளத்துக்குப் போய் அங்குள்ளவர்களைத் திகைக்க வைத்தது. உலகின் மோசமான 100 அந்நிய உயிரினங்கள் என்ற பட்டியலில் ஜிலேபி, கம்பூசியா, நடக்கும் கெளுத்தி மூன்றும் இருக்கின்றன. ஜிலேபியின் தாய்வீட்டிலோ கதையே வேறு. வளர்ப்புக்காக அங்கே விட்ட நைல் திலேப்பியாவோடு கலந்து, தூய மொசாம்பிக் இனம் அருகிவருகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிய வாய்ப்புள்ள இனம் என்று வகைப்படுத்தியிருக்கிறது. இங்கே வலையை நிறைக்கும் மீனுக்குப் பிறந்த மண்ணில் அந்த நிலைமை.

இப்போது பேரனுக்கு வருகிறேன். அவன் தொட்டியில் இருப்பது தென் அமெரிக்க மீன். உடம்பெல்லாம் கவசம்போல் எலும்புத் தகடு. விரால்கூட எளிதில் விழுங்க முடியாது. ஆண் மீன் கரையில் பொந்து பறிக்கும், மண் கரைக் கண்மாய்க்கு அது என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வலையில் சிக்கினால் வலை கிழியும், தின்பதற்கும் ஆகாது. அந்த நர்சிங் பிள்ளையின் அப்பாவுக்கு ஜிலேபி பீஸ் கட்டிக் கொடுத்தது. இது வலைக்குச் செலவு வைக்கும்.

நேற்று அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பெட்டியைத் திறந்து தரையில் கார்டுகளைப் பரப்பினேன். இரண்டு மணி நேரம் ஆடினோம். கம்பூசியா கார்டில் என் பெயரைப் பார்த்து, "தாத்தா, நீங்களா?" என்றான். "ஆமாய்யா, நான்தான்" என்றேன். பிறகு அவனாகவே மீன் வாங்கிய கடைக்கு அவன் அப்பாவை அழைத்துப் போனான். கடைக்காரர் முதலில் முகம் சுளித்து, பிறகு பெரிய தொட்டி ஒன்றில் போட்டுக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். திரும்பி வந்து தானே ஒரு புது கார்டு வரைந்தான். 'எப்போது வந்தது' என்ற கட்டத்தில் 'வரவில்லை' என்று எழுதியிருக்கிறான்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். வீட்டுத் தொட்டி மீன் எதையும், எவ்வளவு பாவமாக இருந்தாலும், குளத்திலோ கண்மாயிலோ ஆற்றிலோ விடாதீர்கள். கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்ப்பவர் யாரிடமாவது கொடுங்கள்.

இரண்டாவது, உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து, உங்கள் ஊர் நீர்நிலையில் அவர்கள் சிறு வயதில் பிடித்த மீன்களின் பெயர்களைக் கேட்டுக் கீழே எழுதுங்கள். ஊர்ப் பெயரும் சேர்த்து எழுதுங்கள், ஒரே மீனுக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும். பெட்டியில் வெற்று கார்டுகள் இன்னும் இருக்கின்றன. எங்கேயாவது ஒரு குளத்தில் நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்த சின்ன மீனைப் பார்த்தால், பிடிக்க வேண்டாம். எந்த ஊர் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.

கார்டுகளைப் படம் எடுத்துப் போடச் சொல்லிப் பேரனிடம் கொடுத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்தை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்